துகள் கடக்க வேண்டிய தூரம்

பருத்தி அரைக்கும் ஜின்னிங் ஆலையின் கிடங்கில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். வெள்ளைப் பஞ்சுக் குவியலில் கறுத்த இலைத்துணுக்கு ஒன்று கிடந்தால் எட்டி நின்றாலும் கண்ணில் படும். வெள்ளையாகவே ஓர் உருண்டை கிடந்தால் கையை விட்டுத் துழாவினாலொழிய அகப்படாது. மார்பகத்தின் எக்ஸ்-கதிர்ப் படமான மேமோகிராமின் முன் உட்கார்ந்திருக்கும் கதிரியல் மருத்துவரின் சிரமமும் ஏறக்குறைய இதுதான். மார்பகத்திலுள்ள கொழுப்பு எக்ஸ்-கதிரைத் தாராளமாக விட்டுவிடுவதால் படத்தில் கருமையாக விழுகிறது. பால் சுரப்பிகளும் நார்த்திசுவும் கதிரைத் தடுப்பதால் வெள்ளையாக விழுகின்றன. புற்றுநோய்க் கட்டியும் வெள்ளையாகவே விழுகிறது. வயது ஏற ஏறச் சுரப்பித் திசு சுருங்கி அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்வதால், அறுபது வயதுப் பெண்ணின் படத்தில் கட்டி தனித்துத் தெரிகிறது; நாற்பது வயதுப் பெண்ணின் அடர்த்தியான மார்பகத்தில் அதே அளவுக் கட்டி பஞ்சுக்குள் பஞ்சாக ஒளிந்துகொள்கிறது.

இந்தியப் பெண்களுக்கு இது சிறு குறையன்று. மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இங்கே மார்பகப் புற்றுநோய் சுமார் பத்து ஆண்டுகள் முன்னதாகவே கண்டறியப்படுகிறது. அதாவது, மேமோகிராம் தடுமாறும் வயதில்தான் நம் நோயாளிகள் பலர் இருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டது. 98 ஆயிரம் பேர் வரை இறந்தார்கள். நானோ துகள்களைக் கொண்டு மார்பகப் படத்தைத் தெளிவாக்கலாம் என்ற யோசனையின் மீது ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கண் வைத்திருப்பதற்கு இந்த வெள்ளை மீது வெள்ளைச் சிக்கல் ஒரு முக்கியக் காரணம்.

கட்டிக்கு வேறு நிறம் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் புதிதன்று. ஸ்கேன் சென்டர்களில் ‘டை ஊசி’ என்று சொல்லப்படும் கான்ட்ராஸ்ட் ஊசி அந்த வேலையைத்தான் செய்கிறது. சி.டி. ஸ்கேனுக்கு அயோடின் கலந்த மருந்தும், எம்.ஆர்.ஐ.க்குக் காடோலினியம் கலந்த மருந்தும் நரம்பு வழியே ஏற்றப்படுகின்றன. வேகமாக வளரும் கட்டி தனக்கென அவசரமாகப் போட்டுக்கொள்ளும் இரத்தக் குழாய்கள் ஓட்டையும் ஒழுகலுமாக இருப்பதால், மருந்து அங்கே கசிந்து தேங்கி, அந்த இடத்தைப் படத்தில் எடுத்துக் காட்டுகிறது. அயோடின் ஏற்றி எடுக்கும் மேமோகிராமுக்கு 2011-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது; அடர்த்தியான மார்பகங்களில் அது நன்றாகவே உதவுகிறது. ஆனால் இம்மருந்துகள் மிகச் சிறிய மூலக்கூறுகள். வந்த வேகத்தில் கசிந்து, வந்த வேகத்திலேயே சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடுகின்றன. மேலும், அவை காட்டுவது குழாய் ஒழுகும் இடத்தையே தவிர, புற்றுநோய்ச் செல்லை அன்று. தீங்கற்ற கட்டிகள் சிலவும் அதேபோல் ஒளிர்ந்து, தேவையற்ற பயாப்ஸி என்ற திசுப் பரிசோதனைக்குக் கொண்டுபோய் விடுவதுண்டு.

நானோ துகள் நுழைவது இங்கேதான். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் எண்பதாயிரம் நானோமீட்டர் அளவில் இருக்கும். 20 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு தங்கத் துகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், அதற்குள் சுமார் இரண்டரை லட்சம் தங்க அணுக்கள் அடங்குகின்றன. அதன் மேற்பரப்பில், புற்றுநோய்ச் செல்லை அடையாளம் காணும் எதிர்ப்பொருள் மூலக்கூறு ஒன்றிரண்டைக் கட்டிவிட முடிந்தால், செல்லில் ஒரே ஓர் இடத்தில் ஒட்டும்போது இரண்டரை லட்சம் அணுக்களும் கூடவே ஒட்டுகின்றன. ஒற்றை அயோடின் மூலக்கூறால் இதைச் செய்ய முடியாது. காகிதத்தில் இந்தத் திட்டம் அத்தனை அழகாக இருப்பதால்தான் அதன் மேல் இவ்வளவு ஆய்வுகள் குவிந்தன என்பது என் எண்ணம்.

தங்கத் துகளைச் செய்வதொன்றும் கடினமில்லை. கோயம்புத்தூர் நகைப் பட்டறைகளில் பழைய தங்கத்தைச் சுத்தம் செய்ய ராஜதிராவகம் என்ற அமிலக் கலவையில் கரைப்பார்கள். வேதியியலாளரும் அதே கரைசலிலிருந்துதான் தொடங்குகிறார். கோவையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். வெளிர் மஞ்சளாக இருந்த தங்க உப்பின் நீர்த்த கரைசல் குடுவையில் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் சோடியம் சிட்ரேட்டை ஊற்றினார்கள். மஞ்சள் மறைந்து தெளிந்த நீரானது. சற்று நேரத்தில் மை கலந்ததுபோல் கறுநீலமாக இருண்டது. பிறகு, நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, பழுத்த நாவற்பழச் சாற்றின் நிறத்தைக் கடந்து மாதுளைச் சாற்றின் சிவப்பில் வந்து நின்றது. அந்தச் சிவப்பு தங்கத்தின் சிவப்பு. துகள் அத்தனை சிறிதாகும்போது அதன் மேற்பரப்பு எலக்ட்ரான்கள் பச்சை ஒளியை விழுங்கிக்கொள்வதால், நமக்கு எஞ்சுவது சிவப்பு. மைக்கேல் பாரடே 1857-இல் இலண்டனில் இந்தச் சிவப்புக் கரைசலைப் பற்றி உரையாற்றினார்; சிட்ரேட் முறையை டர்கெவிச் என்பவரும் அவருடைய குழுவினரும் 1951-இல் விரிவாக ஆராய்ந்து வகுத்தார்கள்.

செய்வது எளிதென்றாலும் காட்டுவது எளிதன்று. தங்கத்தின் அணு எண் 79, அயோடினின் அணு எண் 53. கனமான அணு எக்ஸ்-கதிரை அதிகமாகத் தடுக்கும் என்பதால் தங்கம் நல்ல கான்ட்ராஸ்ட் மருந்தாகும் என்று எதிர்பார்த்ததில் பிழையில்லை. 2006-இல் ஹெயின்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் 1.9 நானோமீட்டர் தங்கத் துகள்களை, மார்பகக் கட்டி வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் செலுத்தி, சாதாரண மேமோகிராம் கருவியிலேயே கட்டியையும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் படமெடுத்துக் காட்டினார்கள். படங்கள் வியக்கத்தக்கவை. ஆனால் எலிக்குக் கொடுத்த அளவைக் கவனிக்க வேண்டும்: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2.7 கிராம் தங்கம். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அதே விகிதத்தில் ஏற்றினால் 135 கிராம் ஆகிறது. ஏறக்குறைய 17 பவுன். கொங்கு நாட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணத்தில் போடும் நகைக்கு நிகரான தங்கத்தை ஒரே ஸ்கேனுக்காக நரம்பில் ஏற்றுவதை யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். எக்ஸ்-கதிர் முறையின் அடிப்படைக் குறை இது. பொருள் நிறையக் குவிந்தால்தான் அதற்குத் தெரியும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒவ்வொரு தனிமமும் குறிப்பிட்டதோர் ஆற்றலுக்கு மேல் எக்ஸ்-கதிரைத் திடீரென அதிகமாக விழுங்கத் தொடங்கும். தங்கத்துக்கு அந்த எல்லை 80.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட். மேமோகிராம் கருவி வேலை செய்வதோ அதில் பாதிக்கும் குறைவான ஆற்றலில். வெள்ளியின் எல்லை 25.5, அது மேமோகிராமின் வீச்சுக்குள்ளேயே விழுகிறது. இதனால் இரண்டு ஆற்றல்களில் படமெடுத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும் முறைக்கு, சேலத்துக் கொலுசுக்காரர்களின் உலோகமே பொருத்தமானது என்று சில குழுக்கள் வெள்ளித் துகள்களின் பக்கம் திரும்பின. வெள்ளி அயனிகள் செல்லுக்கு நஞ்சு என்பதால், துகளுக்கு வேறொரு பொருளால் உறை போட வேண்டியிருக்கிறது. இதுவும் இன்னும் ஆய்வகத்தையும் விலங்குகளையும் தாண்டவில்லை.

எம்.ஆர்.ஐ.க்கு இவ்வளவு பொருள் தேவையில்லை. அதற்கு வேண்டியது இரும்பு. சேலத்தையடுத்த கஞ்சமலையின் இரும்புத் தாது மேக்னடைட் வகையைச் சேர்ந்தது; மழைக்குப் பின் அடிவார ஓடைகளில் ஒதுங்கும் கருமணலில் காந்தத்தைப் புரட்டினால் மீசை முளைத்ததுபோல் ஒட்டிக்கொண்டு வரும். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கும் இந்த நாட்டில், அந்தத் தாதுவுக்கு அறிமுகம் தேவையில்லை. அதே மேக்னடைட்டைப் பத்து நானோமீட்டர் அளவுக்குச் சிறிதாக்கினால் ஒரு விசித்திரம் நிகழ்கிறது: வெளியே காந்தப்புலம் இருக்கும்வரை துகள் வலுவான காந்தமாக நடந்துகொள்கிறது, புலத்தை நீக்கியதும் வெப்ப அசைவிலேயே தன் காந்தத்தன்மையை மறந்துவிடுகிறது. அதனால் இரத்தத்தில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு குழாயை அடைப்பதில்லை. ஸ்கேனருக்குள் போனதும் மட்டும் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளின் சமிக்ஞையைக் கலைத்து, தாம் இருக்கும் இடத்தைக் கருமையாகக் காட்டுகின்றன. வேலை முடிந்த பிறகு, தங்கத்துக்கில்லாத ஒரு வசதி இரும்புக்கு உண்டு: உடல் அதைச் சிதைத்து ஹீமோகுளோபினுக்கு எடுத்துக்கொள்கிறது.

இவ்வகைத் துகள்கள் கல்லீரல் ஸ்கேனுக்காக அமெரிக்காவில் 1996-லேயே அனுமதி பெற்றன. பின்னர் விற்பனை குறைந்து நிறுத்தப்பட்டன. ஃபெருமாக்சிட்டால் என்ற இரும்பு நானோ மருந்து, சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்காக 2009-இல் வந்தது. மருத்துவர்கள் அதைப் படமெடுப்பதற்கும் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். அரிதாக நேரும் கடுமையான ஒவ்வாமை காரணமாக 2015-இல் அதன் மீதான எச்சரிக்கை கடுமையாக்கப்பட்டது.

இனி, நரம்பில் ஏற்றிய துகள் எங்கே போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இத்துறையின் நம்பிக்கைகளில் பெரும்பாலானவை இடறி விழுந்த இடம் இதுதான். இரத்தத்தில் கலந்த மறுகணமே துகளின் மேல் புரதங்கள் வந்து படிகின்றன. எந்த எதிர்ப்பொருளை வைத்துப் புற்றுநோய்ச் செல்லைப் பிடிக்க நினைத்தோமோ, அதுவே அந்தப் படலத்துக்கு அடியில் புதைந்துபோகலாம். புரதம் பூசிய துகளை அந்நியப் பொருள் என்று கண்டுகொள்ளும் கல்லீரல், மண்ணீரல் காவல் செல்கள் அள்ளி விழுங்குகின்றன. கட்டியின் ஒழுகும் குழாய்கள் வழியே பெரிய மூலக்கூறுகள் கசிந்து தேங்கும் என்பதை 1986-இல் ஜப்பானியர்களான மட்சுமுராவும் மயேதாவும் எடுத்துரைத்தது முதல், நானோ மருத்துவம் முழுவதும் அந்த ஒரு கருத்தின் மேல்தான் நின்றது. 2016-இல் ஒரு குழு, அதற்கு முந்தைய பத்தாண்டுகளின் விலங்கு ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, செலுத்திய துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது நடுமதிப்பாக 0.7 விழுக்காடுதான் என்று தெரிந்தது. நூறு பேருந்துகள் கிளம்பி ஒன்றுகூட முழுதாக ஊர் சேரவில்லை என்பதற்கு ஒப்பானது இது. எலிக்கட்டி இரண்டு மூன்று வாரங்களில் புடைத்து வளர்வது. அதன் குழாய்கள் மனிதக் கட்டியினுடையதைவிட அதிகமாக ஒழுகுபவை. மனிதருக்கு அந்த எண்ணிக்கை கூடும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை.

வெளியேற்றமும் ஒரு சிக்கல். சிறுநீரகத்தின் வடிகட்டி ஏறத்தாழ 5.5 நானோமீட்டருக்கு மேற்பட்ட துகளை எளிதில் விடாது என்று 2007-இல் குவாண்டம் புள்ளிகள் என்ற ஒளிரும் நானோ துகள்களைக் கொண்டு காட்டப்பட்டது. அதைவிடப் பெரிய தங்கத் துகள் கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கலாம். அதைவிடச் சிறியது, அயோடினைப்போலவே, இலக்கை அடையும் முன் சிறுநீரில் போய்விடலாம். இந்த இடுக்கில் நுழைந்து வெளியே வந்த சிலவற்றுள், கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான ஆறேழு நானோமீட்டர் சிலிக்கா துகள் குறிப்பிடத்தக்கது; அதை ஐந்து தோல் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்திய முதல் மனித ஆய்வின் முடிவு 2014-இல் வெளியானது. துகள்கள் பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறின. இருந்தாலும், நோயாளிக்குக் கொடுப்பது வேறு, நோயே இல்லாத லட்சக்கணக்கான பெண்களுக்குப் பரிசோதனை என்ற பெயரில் கொடுப்பது வேறு. பின்னதில் ஏற்கத்தக்க தீங்கின் அளவு பூஜ்யத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். நரம்பில் ஏற்றும் நானோ துகள் மேமோகிராமின் இடத்தைப் பிடிக்கும் என்ற பேச்சை நான் நம்பாததற்கு முதற்காரணம் இதுதான்.

ஆனால் துகள் அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லாத ஒரு வேலை மார்பகப் புற்றுநோயில் இருக்கிறது; அங்கே நானோ துகள் ஏற்கெனவே ஜெயித்துவிட்டது. மார்பகத்திலிருந்து வடியும் நிணநீர் அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் போகிறது. புற்றுநோய் பரவுமானால் பெரும்பாலும் அந்த வழியில் முதலில் வரும் முடிச்சில்தான் போய் உட்காரும். மருத்துவர்கள் இதைச் சென்டினல் முடிச்சு என்கிறார்கள். வாசலில் நிற்கும் காவல்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் சோதித்து, அவை சுத்தமாக இருந்தால் மற்றவற்றைத் தொடாமல் விட்டுவிடும் முறை 1990களில் வந்தது. அதற்கு முன் அக்குளைத் துப்புரவாக வழித்தெடுப்பதே வழக்கம்.

வழித்தெடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் இருந்த என் பெரியம்மாவிடம் பார்த்தேன். அறுவை முடிந்து இரண்டாம் ஆண்டில் வலது கை வீங்கத் தொடங்கியது. வடிய வழியில்லாத நிணநீர் தோள் முதல் விரல் வரை தேங்கி, ரவிக்கையின் வலப்பக்கக் கையை மட்டும் தையல் பிரித்து ஒட்டுத்துணி வைத்துத் தைத்திருந்தார். காலையில் மாட்டுக்கு அடியில் உட்கார்ந்தால் இடது கையால்தான் கறக்க முடிந்தது. “கட்டி போனாப் போச்சு கண்ணு, இந்தக் கைய வெச்சுட்டு என்னத்தப் பண்றது?” என்று கேட்டார். அவருக்கு அக்குளில் நோய் பரவியிருக்கவே இல்லை என்று பரிசோதனை அறிக்கையில் எழுதியிருந்தது. எடுத்த முடிச்சுகள் அத்தனையும் சுத்தமானவை.

சென்டினல் முடிச்சைக் கண்டுபிடிக்க, கட்டிக்கு அருகிலோ முலைக்காம்பைச் சுற்றிலுமோ ஒரு பொருளை ஊசியால் செலுத்தி, அது எந்த முடிச்சுக்குப் போய்ச் சேர்கிறது என்று பார்க்கிறார்கள். இங்கே துகளின் அளவுதான் எல்லாம். சுமார் பத்து நானோமீட்டருக்குக் கீழிருந்தால் அது இரத்தத் தந்துகிக்குள் நழுவிவிடும். நூறுக்கு மேலிருந்தால் ஊசி போட்ட இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நிணநீர்க் குழாயில் நுழைந்து, சில அங்குலத் தொலைவிலுள்ள முடிச்சில் காவல் செல்களால் பிடிபடும். நரம்பில் ஏற்றியபோது கல்லீரலில் நமக்கு எதிரியாக நின்ற அதே விழுங்கும் செல்கள், இங்கே நமக்காக வேலை செய்கின்றன. பல பத்தாண்டுகளாகப் பயன்படும், டெக்னீஷியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த கூழ்மத்தின் துகள்களில் பலவும் இந்த அளவினவே. அப்போது அதை யாரும் நானோ தொழில்நுட்பம் என்று விளம்பரப்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

டெக்னீஷியத்தின் குறை அதன் அவசரம். ஆறு மணி நேரத்தில் பாதி கதிரியக்கம் போய்விடும்; அணு மருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனையில், ஊசிக்கும் அறுவைக்கும் நேரம் பார்த்து வைத்துத்தான் செய்ய முடியும். அத்தகைய வசதி கோவையில் உண்டு. தாளவாடியிலிருந்தும் அந்தியூரிலிருந்தும் பேருந்து மாறி வருபவருக்கு அந்த நேரக் கணக்கு எளிதன்று. 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மேக்ட்ரேஸ் என்ற இரும்பு ஆக்சைடு நானோ திரவம் இதற்கு மாற்று. கதிரியக்கம் இல்லை, அறுவைக்குச் சில நாள்களோ அதற்கும் மேலோ முன்னதாகவே போட்டுவிடலாம், இரும்பு முடிச்சிலேயே காத்திருக்கும். அறுவை அரங்கில் பேனாவைவிடச் சற்றுத் தடித்த ஒரு காந்த உணரியை அக்குளில் வைத்து நகர்த்தினால், இரும்பை நெருங்க நெருங்க ஒலி உயர்கிறது. அந்த நேரத்தில் எஃகுக் கத்திரியும் இடுக்கியும் அருகில் இருந்தால் உணரி அவற்றுக்கும் கத்தும் என்பதால், பிளாஸ்டிக் கருவிகளுக்கு மாற வேண்டும். தோலைத் திறந்து பார்த்தால், சென்டினல் முடிச்சு துருப்பிடித்த பழுப்பில், சில வேளை கறுத்தே தெரியும். டெக்னீஷியம் முறைக்கு இது சளைத்ததில்லை என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இரும்பின் பொறுமையை ஸ்வீடன் மருத்துவர்கள் இன்னொரு வகையில் பயன்படுத்திக்கொண்டார்கள். பால் குழாய்க்குள்ளேயே அடங்கிய தொடக்க நிலைக் கட்டியை எடுக்கும்போது, அது வெளியே ஊடுருவியிருக்கிறதா என்பது திசுப் பரிசோதனைக்குப் பிறகுதான் உறுதியாகும். முன்பெல்லாம் எதற்கும் இருக்கட்டும் என்று முடிச்சையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். இப்போது இரும்பை மட்டும் செலுத்திவைத்து, அறிக்கை வந்த பிறகு, தேவைப்பட்டால் மட்டும் மறுபடி திறந்து குறித்துவைத்த முடிச்சை எடுக்கிறார்கள். தேவைப்படாத பெண்களின் அக்குள் தொடப்படாமலே தப்புகிறது.

இந்த முடிச்சுகளை வெட்டாமலேயே எம்.ஆர்.ஐ.யில் படிக்கவும் முடியும் என்பதற்குப் புராஸ்டேட் புற்றுநோயில் ஒரு நல்ல சான்று உண்டு. 2003-இல் வெளியான ஆய்வில், 80 நோயாளிகளுக்கு இரும்புத் துகள் செலுத்திப் படமெடுத்தபோது, ஆரோக்கியமான முடிச்சுகள் துகளை விழுங்கிக் கறுத்தன. புற்றுநோய் குடியேறிய பகுதியில் விழுங்கும் செல்கள் இல்லாததால் அது வெள்ளையாகவே நின்றது. நோயுள்ள முடிச்சைக் கண்டுபிடிக்கும் திறன் சாதாரண எம்.ஆர்.ஐ.யில் 35.4 விழுக்காடு, துகளோடு 90.5. மார்பகப் புற்றுநோயிலும் இதே வழியில் ஆய்வுகள் நடக்கின்றன. பஞ்சுக் கிடங்கின் சிக்கல் இங்கே தலைகீழாகிறது என்பதைக் கவனிக்கலாம்: நோய்க்கு நிறம் கொடுப்பதற்குப் பதிலாக, நோயற்றதைக் கறுப்பாக்கி நோயை மிச்சமாக நிறுத்துகிறார்கள்.

கொங்குப் பகுதியில் நானோ ஆய்வுக்குப் பஞ்சமில்லை. பாரதியார் பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகம் பயிர்களுக்கான நானோ ஆய்வை நடத்துகிறது. ஏதோ ஓர் இலைச்சாற்றில் வெள்ளித் துகள் செய்து, அதை எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களின் மேல் ஊற்றி, செல்கள் இறந்தன என்று முடியும் கட்டுரைகளும் நாட்டில் ஏராளம். ஈரோட்டு மஞ்சளின் குர்குமினுக்கும் அதே மரியாதை நடக்கிறது. அச்செல்கள் கண்ணாடித் தட்டில் வளர்பவை. அங்கே கல்லீரலும் இல்லை, துகளைத் தடுக்க யாருமில்லை. செய்தித்தாள்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. நானோ மருந்துகளை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு இந்திய அரசு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், துகள் உடலில் எங்கெங்கே போகிறது, எப்படி வெளியேறுகிறது என்ற விவரங்களைக் கேட்பது அதனால்தான்.

கட்டியை முதலில் கண்டுபிடிக்கும் வேலை இங்கே இன்னும் விரல்களுடையதாகவே இருக்கிறது. மும்பையில் 1998-இல் தொடங்கி இருபது ஆண்டுகள் 1,51,538 பெண்களைப் பின்தொடர்ந்த டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கையால் தடவிப் பார்த்த பரிசோதனையே, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இந்நோய் மரணத்தைச் சுமார் 30 விழுக்காடு குறைத்தது. தமிழக அரசு 2023 நவம்பரில் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய புற்றுநோய்க் கண்டறிதல் திட்டத்தில் ஈரோடும் ஒன்று. அங்கும் மார்பகத்துக்குக் கைப்பரிசோதனைதான் முதற்படி. நானோ துகளின் இடம் அதற்குப் பின்னால், கட்டி உறுதியாகி, அக்குளைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நாளில் வருகிறது. அங்கே அதற்குப் போட்டி டெக்னீஷியம் மட்டுமன்று. முடிச்சை நீலமாக்கிக் காட்டும், விலை மலிவான மெத்திலீன் நீலச் சாயமும்தான். உணரிக் கருவிக்கும் திரவத்துக்கும் ஆகும் செலவு இறங்காதவரை, பல மருத்துவமனைகளில் நீலமே தொடரும்.

இரும்புத் திரவம் போட்டுக்கொள்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டியவை இரண்டு. ஊசி போட்ட இடத்தில் தோல் தேநீர்க் கறைபோல் பழுப்பாகி, மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும், அது நோயன்று. மற்றது, மார்பகத்தில் தங்கிய இரும்பு, பின்னால் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் அந்த இடத்தைக் கருங்குழியாக்கிப் படத்தைக் கெடுத்துவிடும். எனவே எம்.ஆர்.ஐ. தேவைப்படும் என்று தெரிந்தால் அதை ஊசிக்கு முன்பே எடுத்துவிடுகிறார்கள். பிறகு எப்போது வேறெந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும், மார்பில் இரும்பு ஊசி போட்டிருக்கிறது என்று நோயாளியே முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.